சிமென்ட்டில் கலப்படம் செய்தவன் கதையை எழுதியவர்

'தி டென் கமாண்ட்மென்ட்ஸ்' என்றதும் நமக்கெல்லாம் 1956இல் வந்த கலர் படம்தான் நினைவுக்கு வரும். அதே இயக்குநர் செசில் பி. டிமில் 1923இலேயே அந்தப் பெயரில் ஒரு மௌனப் படம் எடுத்திருக்கிறார். எழுதியவர் ஜீனி மெக்ஃபர்சன்.

பாஸ்டனில் பிறந்தவர். இயக்குநர் டி.டபிள்யூ. கிரிஃபித், பயோகிராஃப் என்ற படக் கம்பெனிக்காக எடுத்த குறும்படங்களில் நடிகையாக ஆரம்பித்தார். அப்புறம் யுனிவர்சல் ஸ்டுடியோவில் எழுதவும் இயக்கவும் செய்தார், கூடவே நடிப்பும். 1915 வாக்கில் டிமில்லிடம் வந்தபின் பேனாதான் முழுநேர வேலை. அடுத்த பதினைந்து வருடங்களில் டிமில் எடுத்த பெரும்பாலான படங்களில் இவர் எழுத்து இருக்கிறது.

அந்த 1923 படத்தில், பைபிளில் பத்துக் கட்டளைகளைப் பெறும் மோசேயின் கதை முன்பாதியோடு முடிந்துவிடும். அதன்பின் நேராக அன்றைய சான் பிரான்சிஸ்கோ. அண்ணன் தம்பி இருவர். ஒருவன் தச்சன், நல்லவன். இன்னொருவன் கட்டுமான கான்ட்ராக்டர், சிமென்ட்டில் கலப்படம் செய்து தேவாலயம் கட்டுகிறான். சுவர் இடிந்து பெற்ற தாய் மீதே விழுகிறது! மிகை நாடகம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் கடல் பிளக்கும் காட்சியைவிட எனக்குப் பிடித்தது இந்தப் பாதிதான். 1956இல் இதைத் தூக்கிவிட்டு முழுக்க மோசேயை வைத்துக்கொண்டார்கள்.

ஆஸ்கர் தரும் அகாடமியை 1927இல் தொடங்கிய 36 பேரில் பெண்கள் மூவர்தான். மேரி பிக்ஃபோர்ட், பெஸ் மெரிடித், அப்புறம் இவர். 1946இல் காலமானார்.

பக்திப் படம் மட்டும்தான் எழுதினார் என்று நினைத்துவிட வேண்டாம். 1933இல் லாரல்-ஹார்டி நடித்த 'தி டெவில்ஸ் பிரதர்' படத்திலும் எழுத்து இவருடையதுதான். நல்ல சிரிப்புப் படம், கிடைத்தால் பாருங்கள்.