ஜாடிக்குத் தண்டோடு பூ வெட்டுவது: செய்து பார்த்த அனுபவம்

நம் வீட்டுத் தோட்டங்களில் பூ என்றால் பெரும்பாலும் தொடுக்கத்தான். காம்பு இருந்தால் போதும், கிள்ளி எடுத்துவிடுவோம். ஜாடியில் வைக்க ஒரு சாண் தண்டாவது வேண்டும். அதனால் வேலை செடியிலேயே தொடங்கிவிடுகிறது. ஜினியா, செண்டுப்பூ நாற்று ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் நேராக நீளும். ரோஜாவை, ஐந்து இலை சேர்ந்த கொத்துக்குச் சற்று மேலே, வெளிப்பக்கம் பார்த்த கணுவை விட்டு வெட்ட வேண்டும். அடுத்த நீளத் தண்டு அந்தக் கணுவிலிருந்துதான் வரும்.

முதல் நாள் மாலையே செடிக்கு நன்றாகத் தண்ணீர் விட்டு, விடிந்ததும் வெயில் ஏறுமுன் வெட்டுங்கள். வாளியில் தண்ணீரோடு போய், வெட்டிய தண்டை உடனே அதில் நிறுத்த வேண்டும். கூடையில் போட்டு வீட்டுக்குள் கொண்டுவருவதற்குள் வெட்டுவாயில் காற்று ஏறி அடைத்துக்கொள்ளும். மறுநாள் தலை தொங்கும் ரோஜாக்களில் பல இந்தக் காற்றடைப்பால்தான் தொங்குகின்றன.

எந்தப் பருவத்தில் வெட்டுவது என்பது பூவுக்குப் பூ மாறும். ரோஜாவில் வெளி இதழ் ஒன்றிரண்டு பிரியத் தொடங்கியிருக்க வேண்டும். இறுகிய மொட்டு விரியாமலே கருகிவிடும். சம்பங்கியில் அடிப்பூ இரண்டு விரிந்திருந்தால் போதும், மேலுள்ளவை ஜாடியில் விரியும். ஜாடிக்கென்றே நடுவதானால் பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட சுவாசினி போன்ற அடுக்கு ரகம் நல்லது. செண்டு, வாடாமல்லி, ஜினியா மூன்றும் முழுக்க விரிந்த பிறகே வெட்ட வேண்டியவை. வெட்டிய பின் அவை மேலும் மலராது. ஜினியாவுக்கு ஒரு சோதனை உண்டு. பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டைப் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். பூ மட்டும் துவண்டு தலையாட்டினால் தண்டு முற்றவில்லை, ஜாடியில் கழுத்து மடங்கும். தண்டு முழுவதும் விறைப்பாக ஒன்றாய் அசைந்தால் வெட்டலாம். செம்பருத்தியை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தண்ணீரில் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அதன் ஆயுள் அநேகமாக ஒரே நாள்தான். அன்றைக்கு உருளியில் மிதக்கவிடலாம்.

வாளியை நிழலான அறையில் இரண்டு, மூன்று மணி நேரம் அசையாமல் வையுங்கள். பிறகு தண்ணீருக்குள் மூழ்கும் இலை, முள் எல்லாவற்றையும் நீக்கி, தண்டின் அடியில் இரண்டு சென்டிமீட்டரைத் தண்ணீருக்குள்ளேயே சாய்வாக வெட்டி ஜாடிக்கு மாற்றலாம். ஒரே செடியின் செண்டுப்பூவை இரண்டு ஜாடிகளில் பிரித்து வைத்துப் பார்த்தால் இலை நீக்குவதன் அருமை புரியும். இலையோடு வைத்த ஜாடியில் மறுநாளே தண்ணீர் கலங்கி நாறும். தண்டைத் தொட்டால் கொழகொழவென்றிருக்கும். அந்த வழவழப்பு பாக்டீரியா. தண்டின் நீர்க்குழாயை அடைப்பது அதுதான்.

ஜாடியில் ஊற்றும் கலவை இது: ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை, இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, கால் தேக்கரண்டி ப்ளீச்சிங் திரவம். சர்க்கரை பூவுக்கு உணவு, புளிப்பு தண்ணீரை எளிதாக ஏறச் செய்யும், ப்ளீச் கிருமியைத் தடுக்கும். சர்க்கரையை மட்டும் போட்டால் வளர்வது பாக்டீரியாதான். சாற்றையும் ப்ளீச்சையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, குளோரின் வாயு வரும். தனித்தனியாகத் தண்ணீரில் விட்டுக் கலக்குங்கள். உப்பேறிய போர்த்தண்ணீரைவிட ஆர்ஓ தண்ணீர் நல்லது. பித்தளைச் செம்பில் வைக்க ஆசைப்பட்டால் உள்ளே ஒரு கண்ணாடி டம்ளரை இறக்கி அதில் ஊற்றுங்கள். புளிப்பு பித்தளையை அரிக்கும். ஜெர்பெராவுக்கு மூன்று, நான்கு விரற்கடை ஆழம் போதும், கூடினால் தண்டு அழுகும். நந்தியாவட்டையில் வடியும் பாலைத் தனிக் கிண்ணத்தில் வடியவிட்டுப் பிறகு சேர்க்கலாம். குழந்தையோ பூனையோ உள்ள வீட்டில் அரளி வேண்டவே வேண்டாம், செடி முழுவதும் நஞ்சு.

அடுக்கும்போது முதலில் இலைக் கிளைகள். குரோட்டன்ஸ், பெரணி, பூத்த திருநீற்றுப்பச்சிலை ஆகியவற்றை எதிரெதிராகச் சாய்த்துச் செருகினால் அடியில் தண்டுகள் பின்னி வலைபோல் ஆகிவிடும். பூ அதில் தானே நிற்கும். அகல வாய் ஜாடியானால் கோழிவலையைச் சுருட்டி உள்ளே திணிக்கலாம், அல்லது வாயில் செலோடேப்பைக் கட்டம் கட்டமாக ஒட்டலாம். கடையில் விற்கும் பச்சை ஃபோம் மக்காத பிளாஸ்டிக், தோட்டம் வைத்திருப்பவருக்கு அது தேவையே இல்லை. உயரமான சம்பங்கி ஜாடியின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு மேலே நிற்கட்டும். ரோஜா, ஜினியா நடுவில் வெவ்வேறு உயரத்தில். சந்து தெரியும் இடத்தில் வாடாமல்லி.

பழத்தட்டுப் பக்கம் ஜாடியை வைக்காதீர்கள். பழுக்கும் வாழையும் மாம்பழமும் விடும் எத்திலின் வாயு இதழை உதிர்க்கும். மின்விசிறிக் காற்றும் ஆகாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை ஜாடியைச் சோப்புப் போட்டுக் கழுவி, கலவையை மாற்றி, தண்டில் ஒரு விரற்கடை வெட்டிவிடுங்கள். சம்பங்கியின் வாடிய அடிப்பூக்களை அன்றன்றே கிள்ள வேண்டும். தலை தொங்கிய ரோஜாவை எறிய அவசரம் வேண்டாம். தண்ணீருக்குள் அடியை மறுபடி வெட்டி, செய்தித்தாளில் நேராகச் சுற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுத்துவரை இரண்டு மணி நேரம் நிறுத்துங்கள். காற்றடைப்பாக இருந்தால் நிமிரும். வயதாகித் தொங்கியிருந்தால் நிமிராது.