அப்பாவின் நாலு பக்கக் கடிதங்கள்

அப்பா சேல்ஸ் ரெப். மாதத்தில் இருபது நாள் கேம்ப். அங்கிருந்து எழுதிய கடிதங்களை எல்லாம் அம்மா ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைத்திருந்தாள், போன வாரம்தான் உட்கார்ந்து பிரித்தேன். தேதிவாரியாக அடுக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அவர் "வியாழன் இரவு" என்று கிழமையை மட்டும் போடுகிற ஆள், உறையில் பாதி அழிந்த தபால் முத்திரையை வைத்துத்தான் மாதத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அடுக்கிப் படித்தால் பேச்சு ஒன்றோடொன்று ஒட்டவில்லை. டூர் புரோகிராமைப் பார்த்து அடுத்த ஊர் லாட்ஜ் விலாசத்துக்கு அம்மா முன்கூட்டியே எழுதிப் போடுவாள். அவர் ஒரு நாள் முன்னதாகக் கிளம்பிவிட்டால் கடிதம் அவர் பின்னாலேயே ஊர் ஊராக அலையும். எனக்கு ஜுரம் எப்படி இருக்கிறது என்று அவர் பதறிக் கேட்டு எழுதியது வந்து சேர்ந்தபோது நான் தெருவில் விளையாடிக்கொண்டிருந்திருப்பேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அவர் கம்பெனிக்கு தினமும் ரிப்போர்ட் எழுதுகிற பேடிலேயே தாள் கிழித்துத்தான் வீட்டுக்கும் எழுதுவார். ரிப்போர்ட்டுக்குக் கார்பன் வைத்து எழுதுவதால் பேனாவை அழுத்த வேண்டும், அந்த அழுத்தம் அடியில் இருக்கிற வெற்றுத்தாள் வரைக்கும் இறங்கிவிடும். ஒரு கடிதத்தைத் தடவும்போது விரலில் ஏதோ தட்டுப்பட்டது. அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தாளுக்குப் பக்கத்தில் படுக்க வைத்துச் சாய்வாக வெளிச்சம் விழச் செய்தேன். "வியாபாரம் பரவாயில்லை, கவலைப்படாதே" என்ற வரிக்குக் குறுக்கே மையில்லாத எழுத்துகள்: ஆர்டர் இல்லை. பழைய சரக்கே நிற்கிறது. முதலாளி வெளியூர். ஆர்டர் இல்லை.

அன்றைய ரிப்போர்ட்தானா என்று சத்தியம் பண்ண முடியாது, முந்தைய நாளுடையதாகவும் இருக்கலாம். ஆனால் ஏழெட்டுக் கடிதங்களில் இதே கதை.

(உங்கள் வீட்டிலும் பழைய கடிதங்கள் இருந்தால் ஒன்று: சினிமாவில் வருகிற மாதிரி பென்சிலால் தேய்த்துப் பார்க்காதீர்கள், பள்ளத்தோடு தாளும் கெடும். சாய்வான வெளிச்சத்தில் போட்டோ எடுத்தால் போதும். குண்டூசி இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள், துரு தாளைத் தின்றுவிடும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், பிறகு பிரித்தெடுக்க வழியே இருக்காது.)

அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று ரெண்டு நாள் யோசித்தேன். அப்புறம் டார்ச்சோடு போய் உட்கார்ந்தேன். அவள் தாளைப் பார்க்கவே இல்லை. "ஆர்டர் கிடைச்ச நாள்ல அவருக்கு எழுத ஏதுடா நேரம்? நாலு வரிதான் வரும். நாலு பக்கம் வந்தா எனக்குத் தெரிஞ்சிடும்" என்றாள்.

பெட்டியில் நாலு பக்கக் கடிதங்கள்தான் அதிகம்.