முதுகில் ஆள் ஏறிய பிறகு

போன வருடம் நான் தோற்ற எம்எம்ஏ (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டைப் போட்டி) சண்டையின் வீடியோவை முப்பது தடவையாவது பார்த்திருப்பேன். இரண்டாவது ரவுண்டில் மூன்று நிமிடம் முடிந்திருக்கிறது. எதிராளி என் முதுகில் ஏறி, இரண்டு கால்களையும் என் இடுப்பைச் சுற்றி மாட்டிவிட்டார். அவர் கை இன்னும் கழுத்துக்கு அடியில் நுழையவில்லை. ஆனால் அந்த இடத்தில் வீடியோவை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். மனசுக்குள் அப்போதே சண்டை முடிந்துவிட்டது. இருபது நொடி கழித்து நான் டேப் செய்தது, அதாவது தோல்வியை ஒப்புக்கொண்டு கையால் தட்டியது, வெறும் சம்பிரதாயம்.

எம்எம்ஏ சண்டைக்காரரின் மனவலிமை என்றதும் பயமில்லாத ஆளைத்தான் எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஜார்ஜ் சென்ட் பியர் எம்எம்ஏவில் வெல்டர்வெயிட் (77 கிலோ எடைப் பிரிவு) சாம்பியனாக இருந்தவர். ஒவ்வொரு சண்டைக்கு முன்னாலும் பயந்ததாக அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 2007 ஏப்ரலில் மேட் செர்ராவிடம் முதல் ரவுண்டிலேயே பட்டத்தை இழந்தார். அடுத்த ஏப்ரலில் அதே ஆளிடமிருந்து அதைத் திரும்ப வாங்கினார். அதன் பிறகு ஒரு சண்டையும் தோற்கவில்லை. பயம் போன பிறகுதான் ஜெயிக்க முடியும் என்றால் அவர் ஜெயித்தே இருக்க முடியாது.

நான் தோற்ற மறுவாரம் பயிற்சிப் பாய்க்குத் திரும்பியபோது கோச் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. 'உட்கார்' என்றார். என்னைவிடக் கனமான ஒருவரை முதுகில் ஏறச் சொன்னார். கால்கள் மாட்டியாகிவிட்டன, ஒரு கை கழுத்துக்குப் பக்கத்தில். டைமரில் இரண்டு நிமிடம். தப்பித்தால் மறுபடி அதே இடம், டேப் செய்தாலும் மறுபடி அதே இடம். இதுதான் இன்று வரைக்கும் என் பயிற்சியின் முதல் அரை மணி நேரம்.

அந்த நிலையில் செய்ய வேண்டியதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். நெரிக்க வரும் கையின் மணிக்கட்டை என் இரண்டு கைகளாலும் பிடித்து மார்புக்கு இறக்க வேண்டும். தாடையை ஒடுக்க வேண்டும். இடுப்பைக் கீழே நழுவவிட்டு, தோள்பட்டையைத் தரையில் பதித்து, அவர் பக்கம் திரும்ப வேண்டும். தெரிந்த இந்த வேலையைக் கை செய்ய விடாமல் தடுத்தது மூச்சு. கழுத்தில் கை பட்டதும் மூச்சு நிற்கப்போகிறது என்று உடம்பு பதறுகிறது. உண்மையில் அந்தச் சோக் (கழுத்தை நெரிக்கும் பிடி) சரியாக விழுந்தால் அடைபடுவது மூச்சுக்குழாய் இல்லை; கழுத்தின் இரண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள். பத்து நொடிக்குள் நினைவு போகலாம். ஆனால் கை முழுசாக நுழையும் வரைக்கும் மூச்சு விட முடியும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு நான்கு மாதம் ஆனது. தலைக்கு அல்ல, உடம்புக்கு. முதல் சில வாரம் பிடி விழுந்ததும் வாயைப் பிளந்துகொண்டு இழுத்தேன். இப்போது மூக்கு வழியாக நீளமாக ஒரு மூச்சை வெளியே விடுகிறேன், அப்புறம்தான் மணிக்கட்டைத் தேடுகிறேன்.

இன்னொரு பக்கம், முழு பலத்தோடு அடித்துக்கொள்ளும் ஸ்பாரிங்கை (பயிற்சிச் சண்டையை) வாரத்துக்கு ஒரு நாளாகக் குறைத்துவிட்டோம். முன்பெல்லாம் வாரத்துக்கு நான்கு நாள். தலையில் அடி வாங்கி வாங்கித்தான் தைரியம் வரும் என்று நான் நம்பியிருந்தேன். அப்படி வந்தது தலைவலி மட்டும்தான். இளைய பையன்கள் ஜிம்மில் ஒருவரையொருவர் விழத்தட்டிவிட்டுச் சிரிப்பதைப் பார்த்தால் இப்போது வயிறு கலங்குகிறது. போட்டியில் வாங்க வேண்டிய அடியை ஏன் நண்பனிடம் வாங்குகிறாய் என்று கேட்டுவிடுவேன்.

எடைக் குறைப்பைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். என் பிரிவு ஃபெதர்வெயிட், 65.8 கிலோ. கடைசி நேரத்தில் வியர்த்து இறக்குவதை வெறுக்கிறேன், அதனால் மாதக்கணக்கில் மெதுவாக இறக்குகிறேன். அவ்வளவுதான்.

ரவுண்டுகளுக்கு நடுவே கிடைக்கும் ஒரு நிமிடத்தையும் பயிற்சியிலேயே பழகுகிறோம். ஐந்து நிமிட ரவுண்டு முடிந்ததும் ஸ்டூலில் உட்கார வேண்டும். முதல் இருபது நொடி யாரும் பேசக்கூடாது, மூச்சு மட்டும். பிறகு கோச் ஒரே ஒரு விஷயம் சொல்வார், நான் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்ல வராவிட்டால் எவ்வளவு களைத்திருக்கிறேன் என்று அவருக்கே புரிந்துவிடும்.

அடுத்த சண்டைக்கு ஆறு வாரம் இருக்கிறது. எதிராளி நல்ல மல்யுத்தக்காரர், நிச்சயம் முதுகைத் தேடித்தான் வருவார். நாளைக் காலை என் முதுகில் ஏறப்போகிறவர் 77 கிலோ பிரிவு ஆள். டைமரை மூன்று நிமிடமாக ஏற்றப்போவதாகக் கோச் சொல்லியிருக்கிறார். சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.