பதில் வராத வேண்டுதலோடு அப்புத்தளைக்கு

மன்னார்ப் பக்கத்து மடு மாதா திருத்தலத்துக்குப் போவது நேர்த்தி வைக்கவும், வைத்ததைத் தீர்க்கவும். இலங்கை மலைநாட்டில் அப்புத்தளையிலுள்ள அடிஷாம் துறவியர் மடம் அந்த வகையல்ல. கொடியேற்றமில்லை, சுரூபக் கூடு சுற்றுவதில்லை. கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்தபின் போகவேண்டிய இடம் அது.

சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்ற வெள்ளைக்காரத் துரை 1931இல் கட்டி முடித்த கல் பங்களா, 1961இல் கண்டிக்கு அருகே அம்பிட்டியவிலுள்ள பெனடிக்டைன் என்ற கத்தோலிக்கத் துறவியர் கைக்கு வந்தது. அவர்களுடைய ஒழுங்குநூலின் 6ஆம் அதிகாரம் மௌனத்தைப் பற்றியது. 42ஆம் அதிகாரமோ இரவுச் செபத்துக்குப் பின் யாரும் பேசக்கூடாது என்கிறது.

ஸ்டேஷனிலிருந்து ஏறக்குறைய 3 கிலோமீட்டர். த்ரீவீல் போகும், நடப்பது நல்லது. சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி), பாடசாலை விடுமுறை நாட்களில்தான், காலை 9 முதல் மாலை 4.30 வரை, வெளியாருக்குத் திறப்பார்கள். சாதாரண செவ்வாய்க்கிழமையில் போனால் பூட்டிய கேட்டைத்தான் பார்க்கலாம். உள்ளே வரவேற்பறையும் நூலகமும் மட்டும் காட்டுவார்கள். தோட்டம் போதும். பின்னேரம் தெற்குப் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறிவிடும், ஆகவே காலையிலேயே போய்விடுங்கள். ஸ்வெட்டர் வேண்டும். சுற்றுலாக் கூட்டம் செல்ஃபி எடுக்கும் முன்வாசலை விட்டு ஒதுங்கி உட்காருங்கள்.

கையில் வேதாகமம் இருந்தால் திருப்பாடல் 13ஐ எடுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டு வசனங்களில் ‘எதுவரை’ என்ற கேள்வி நான்கு முறை வரும். ஐந்தாம் வசனத்தில் பாடகர் திடீரென்று நம்பிக்கைக்குத் திரும்புகிறார். நடுவில் என்ன நடந்தது? ஒன்றுமில்லை. கடவுள் பேசியதாக ஒரு சொல்கூட அங்கே கிடையாது. ஆகவே நாலாம் வசனத்தின் முடிவில் நிறுத்தி, நேரம் பார்க்காமல் இருங்கள். அவசரமாக ஐந்துக்குத் தாவுவதுதான் பலரும் விடுகிற பிழை.

ஐந்துக்கு மனம் வரவில்லையென்றால் 88க்குப் போங்கள். அது திரும்புவதே இல்லை, இருளிலேயே முடிகிறது. திருச்சபை அதை ஒளித்து வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை இரவுச் செபத்தில் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. ஆறுதல் தேடி எப்போதும் 23ஐ மட்டும் புரட்டுகிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

இன்னொரு பிழை, கடவுளின் மௌனத்தைத் தண்டனையாக எண்ணி எந்தப் பாவத்துக்கு இது என்று கணக்குப் பார்ப்பது. யோபுவின் நண்பர்கள் அதைச் செய்து கண்டிக்கப்பட்டார்கள். லாசர் சுகமில்லை என்று கேள்விப்பட்ட இயேசு, அந்தக் குடும்பத்தின்மேல் அன்புள்ளவராயிருந்தும், இன்னும் இரண்டு நாள் அங்கேயே தங்கினார் என்று யோவான் 11 சொல்கிறது. காரணம் லாசரின் சகோதரிகளுக்கு அப்போது தெரியாது.

திரும்பும் வழியில் கவ்வாத்து வெட்டிய, அதாவது செடிகளின் கிளைகளைத் தறித்துவிட்ட, தேயிலை மலை தென்பட்டால் கொஞ்சம் நில்லுங்கள். பதில் வராத காலமும் அதைப் போன்றதுதான். மேல்நாட்டில் நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை வெட்டு. வாரக்கணக்கில் இலையே இராது, கொழுந்துக்கு யாரும் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். வேரில் முன்பே சேர்ந்த மாப்பொருளை வைத்துத்தான் செடி துளிர்க்கும். அது குறைந்த செடியை வெட்டினால் பட்டுப்போகும். அதனால்தான் வெட்டுக்கு முன் கொழுந்து பறிக்காமல் ஆறவிடுகிறார்கள்.

மடத்துக் கடையில் துறவியர் செய்த ஜாம், கோர்டியல் என்ற பழப்பானம் கிடைக்கும். வாங்குவதென்றால் 4 மணிக்குள் வாங்கிவிடுங்கள்.