கார் பள்ளிகொண்டாவைத் தாண்டிவிட்டது

புனேவுக்கு மாற்றல் என்று தெரிந்த அன்று இரவே, காரை நானே ஓட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்று வீட்டில் சொன்னேன். சென்னையிலிருந்து ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். கிருஷ்ணகிரி, பெங்களூரு, ஹூப்ளி, கோலாப்பூர் என்று ஒரே சாலை, தேசிய நெடுஞ்சாலை 48. எங்கேயும் திரும்பவே வேண்டியதில்லை. இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"வேலூர்ல கல்யாணம்னு கிளம்பி, திருவண்ணாமலைல கோபுர தரிசனம் பண்ணிட்டு வந்தவர் நீங்க."

அது ஒரே ஒரு தடவை. ஆனால் அதற்கு மேல் பேச்சு வளரவில்லை. கார் லாரியில், நாங்கள் ரயிலில் என்று முடிவாயிற்று.

காரை அனுப்புவதற்கு முன் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலை ஒன்று இருந்தது. 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வண்டியை வைத்துக்கொள்வதாக இருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். அதற்கு இங்கிருந்து தடையில்லாச் சான்று வேண்டும், அதற்குப் படிவம் 28 வேண்டும், அந்தப் படிவத்துக்குச் சேசிஸ் எண்ணின் பென்சில் அச்சு வேண்டும். சின்ன வயதில் நாலணாவின் மேல் தாளை வைத்துத் தேய்த்துச் சிங்கத் தலை எடுப்போமே, கிட்டத்தட்ட அதே கலைதான். எண்ணின் மேல் பென்சிலைத் தேய்த்து, செல்லோடேப்பை ஒட்டி, மெதுவாக உரிக்க வேண்டும். பேனட்டுக்குள் தலையை விட்டு அரை மணி நேரம் தேய்த்துக் கொண்டுபோனதை கிளார்க் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இது எட்டா சார், பி-யா?" என்றார். எனக்கும் தெரியவில்லை. வாசலில் இருந்த புரோக்கர் ஒருவர் இரண்டே நிமிடத்தில் கல்வெட்டுப் படி எடுப்பது போல எடுத்துக் கொடுத்து, ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

அப்புறம் இன்னொன்று. ஆறு வருடம் முன்பே நான் அடைத்துவிட்ட கார் லோன், ஆர்.சி.யில் மட்டும் அடையாமல் இருந்தது. வங்கியின் பெயரை எடுக்கப் படிவம் 35. அதற்கு ஒரு வாரம். காருக்கு மீதமுள்ள வருடங்களுக்குப் புனேயில் அந்த மாநில வரியைக் கட்ட வேண்டும். கட்டிய பிறகு, இங்கே ஏற்கெனவே கட்டிய ஆயுள் வரியில் மிச்சத்தைத் திரும்பக் கேட்கலாம். கேட்கலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். 2021-இல் வந்த பி.எச். (பாரத் வரிசை) நம்பர் பிளேட் இருந்தால் இந்தத் தலைவலி இல்லை. ஆனால் தனியார் வேலையில் இருப்பவருக்கு அது வேண்டுமென்றால் கம்பெனிக்கு நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் இருக்க வேண்டும். எங்கள் கம்பெனிக்கு இருப்பது இரண்டு. அதில் ஒன்றிலிருந்துதான் என்னைத் துரத்துகிறார்கள்.

சரி, லாரிக்கு வருவோம். இணையத்தில் ஒரே ஒரு இடத்தில் நம்பரைக் கொடுத்தேன். பத்து நிமிடத்துக்குள் பதினான்கு போன். 9,000 ரூபாய் என்றார் ஒருவர், 22,000 என்றார் இன்னொருவர். மலிவாகச் சொல்பவர் காரையே விற்றுவிடுவார், அதிகம் கேட்பவர் நம்மை விற்றுவிடுவார் என்று கணக்குப் போட்டு, 14,500 கேட்டவரைப் பிடித்தேன். மூடிய கண்டெய்னர், நான்கே நாள், வழியில் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தார். இரண்டு நிபந்தனை. டேங்கில் கால்வாசிக்கு மேல் பெட்ரோல் இருக்கக்கூடாது. காருக்குள் சாமான் ஒன்றும் வைக்கக்கூடாது. இரண்டாவதைச் சொல்லும்போது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காது கேட்காதவள் போல இருந்தாள் என்பதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

ஜூன் முதல் வாரம். எங்கள் கொளத்தூர் சந்துக்குள் லாரி வராது என்பதால், யார்டுக்கு ஓட்டிப்போக ஒரு பையன் வந்தான். கையில் காரின் படம் அச்சிட்ட தாள். முன்னால், பின்னால், இரண்டு பக்கம், கூரை என்று ஐந்து கோணம். எங்கெல்லாம் கீறல், நசுங்கல் இருக்கிறதோ அங்கெல்லாம் பெருக்கல் குறி போட வேண்டும். அவன் குனிந்து குனிந்து போட ஆரம்பித்தான். பின்னாலேயே மனைவி வர்ணனை கொடுத்துக்கொண்டு போனாள்.

"இது மாம்பலம் ரங்கநாதன் தெரு. இது வண்டி வாங்கின அன்னிக்கே, பூஜை போட்டு எலுமிச்சம்பழம் ஏத்தும்போது கேட்டுல உரசினது. இது இவர் இல்ல, ஆட்டோக்காரன். இது ஆட்டோக்காரன் இல்ல, இவர்."

மொத்தம் பதினேழு. பையன் கடைசியில் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு அனுதாபம் இருந்தது. தாளில் கையெழுத்துப் போட்டேன். கிலோமீட்டர் மீட்டரைப் போட்டோ எடுத்துக்கொண்டேன். மகள் கார் கண்ணாடியில் முத்தம் கொடுத்தாள். கார் தெருமுனையில் இண்டிகேட்டர் போட்டுத் திரும்பியது. அந்த இடத்தில் நான் ஒரு நாளும் இண்டிகேட்டர் போட்டதில்லை.

ஒரு மணி நேரத்தில் போனில் குறுஞ்செய்தி. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துச் சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டது. யார்டு அந்தப் பக்கம்தான், நியாயம். மூன்றாம் நாள் கஸ்டமர் கேருக்கு போன் போட்டேன். "காடி நிகல் சுகி ஹை சார்" என்றாள் ஒரு பெண். நிகல் என்றால் கிளம்புவது என்று மனைவி மொழிபெயர்த்தாள். அவள் சின்ன வயதில் இந்தி பிரசார சபாவில் ராஷ்ட்ரபாஷா வரை பாஸ் செய்தவள். கார் பெங்களூரைத் தாண்டிவிட்டதாம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் ஒன்றரை மணிக்கு ஒரு குறுஞ்செய்தி. அதே ஸ்ரீபெரும்புதூர் சாவடி. மூன்றேகாலுக்கு இன்னொன்று. மறுபடி அதே சாவடி, ஆனால் பாதிக் கட்டணம். நான் சிஸ்டம் கோளாறு என்றேன். மனைவி இரண்டையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"24 மணி நேரத்துக்குள்ள திரும்பி வந்தா ரிட்டனுக்குப் பாதிதான் எடுப்பாங்க. போயிட்டு வந்திருக்காங்க."

"எங்கே?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணிக்கு எங்க போவாங்க? பிரியாணிக்கு."

பெங்களூரைத் தாண்டிய எங்கள் கார், ஸ்ரீபெரும்புதூரில் யாரையோ ஏற்றிக்கொண்டு பிரியாணிக்குப் போய்விட்டு வந்திருந்தது. மறுபடி கஸ்டமர் கேர். மறுபடி நிகல் சுகி ஹை.

நாங்கள் ரயிலேறி புனே வந்து, பாய் விரித்துப் படுத்து, இரண்டு நாள் ஆன பிறகுதான் அடுத்த செய்தி வந்தது. பள்ளிகொண்டா சுங்கச்சாவடி. ராத்திரி 11.40. நான் தூங்கிக்கொண்டிருந்த மனைவியை எழுப்பி, "பள்ளிகொண்டா!" என்றேன். குழந்தை முதல் அடி எடுத்து வைத்த அன்று கூட அவளை அப்படி எழுப்பியதில்லை. அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டாள், "லாரி மேலதானே இருக்கு? நம்ம டேக்குல எதுக்குப் பணம் எடுக்கிறான்?" லாரிக்கு அதன் டேக்கில் தனியாக எடுப்பார்கள். மேலே உட்கார்ந்திருக்கும் காரின் டேக்கும் கருவியின் கண்ணில் பட்டால் அதற்கும் எடுத்துவிடும். இப்படி அனுப்பும்போது டேக்கை அலுமினியத் தாளால் மூடி வைக்க வேண்டுமாம். எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இதைச் சொன்னதும் இரண்டாவது கேள்வி வந்தது. "மூடின கண்டெய்னர்னு சொன்னீங்களே, அதுக்குள்ள இருக்கிற டேக்கை எப்படிப் படிக்கும்?"

நான் பொறியியல் படித்தவன். அவள் வணிகவியல்.

மறுநாள் காலை 1033-க்குப் புகார் சொல்லலாம், வங்கி ஆப்பில் டேக்கை நிறுத்திவிடலாம் என்று போனை எடுத்தேன். மனைவி கையைப் பிடித்தாள். "நிறுத்திட்டா கார் எங்க இருக்குன்னு நமக்கு யார் சொல்லுவா?" அதுவும் சரிதான். கஸ்டமர் கேர் கணக்கில் கார் அன்றைக்குப் புனேயில் இருந்தது. டேக்கில் 140 ரூபாய்தான் பாக்கி. ஊருக்குப் போன பிள்ளையின் போனுக்கு ரீசார்ஜ் போடுவது போல, 500 ரூபாய் போட்டேன்.

அதன் பிறகு வீட்டில் வேறு பேச்சே இல்லை. மகள் ஒரு நோட்டில் நெடுஞ்சாலையைக் கோடாகப் போட்டு, பெயர் வர வர எழுதினாள். வாணியம்பாடி. கிருஷ்ணகிரி. அப்புறம் பெங்களூரில் இரண்டு நாள் சத்தமே இல்லை. லாரியில் இடம் நிரம்ப வேறு கார்களுக்காகக் காத்திருந்தார்களாம், அது பின்னால் தெரிந்தது. எல்லாச் சாவடியிலும் செய்தி வராது. எதில் படிக்கத் தோன்றுகிறதோ அதில் மட்டும் படிக்கும். தாவணகெரே பக்கம் ஹெப்பாளு வந்தது, பங்காபுரா வந்தது, ஹூப்ளியில் ஒன்றும் காணோம். ஆபீசில் மீட்டிங் நடக்கும்போது போன் அதிர்ந்தால் மேஜைக்கு அடியில் பார்த்துக்கொள்வேன். புது மேனேஜர் ஒரு நாள், "வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

அம்மாவுக்குத் தினமும் போனில் நிலவரம் சொல்ல வேண்டும். பெல்காம் தாண்டிவிட்டது, அடுத்து கோலாப்பூர் என்றேன்.

"மகாலட்சுமி இருக்கிற ஊராச்சேடா. காருக்குக் கொடுத்து வச்சிருக்கு." கொஞ்சம் நிறுத்தினாள். "அந்த ஸ்டெப்னி வைக்கிற பள்ளத்துல சின்னதா ஒரு பொட்டலம் வச்சேன். பாத்து எடுத்துக்கோங்க."

"என்ன பொட்டலம்?"

"சின்னதுதான்டா."

அன்று சாயங்காலமே லாரி டிரைவரிடமிருந்து போன் வந்தது. ராஜஸ்தான்காரர். அவர் நம்பரை நான் பதினோரு தடவை கேட்டும் கம்பெனி தரவில்லை; அவரே வண்டிக் காகிதத்தில் என் நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டிருந்தார். போனை மனைவியிடம் கொடுத்தேன். அவள் பேசியது பரீட்சை இந்தி. வினைச்சொல் எல்லாம் இஸ்திரி போட்டது போல வரும். அந்தப் பக்கம் டிரைவர் சட்டென்று குரலைத் தாழ்த்தி, "மாதாஜி" என்று ஆரம்பித்துவிட்டார். நடுவில் மனைவி முகம் மாறியது. போனைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "கார்லேர்ந்து ஊறுகாய் வாசனை வருதாம்."

பதினோராம் நாள், வாகட் பக்கம் சர்வீஸ் ரோட்டில் லாரி வந்து நின்றது. புனேயில் மழை பிடித்துக்கொண்டிருந்தது. திறந்த லாரி. மேல்தட்டில் கடைசியாக, வானத்தைப் பார்த்துக்கொண்டு, எங்கள் டி.என். நம்பர். மூன்று காரை இறக்கி எங்கள் கார் தரைக்கு வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. குடையைப் பிடித்துக்கொண்டு நான் அந்தத் தாளை எடுத்தேன். பெருக்கல் குறி பதினேழு. காரில் எண்ணினால் பதினாறுதான் வந்தது. மூன்று தடவை எண்ணினேன். ஒரு கீறல் குறைகிறது. கூடினால் சண்டை போடலாம், குறைந்தால் யாரிடம் போய் என்ன கேட்பது? மனைவி பின்கதவை விரலால் தேய்த்துப் பார்த்தாள். "மாம்பலம் போயிடுச்சு. அது கீறல் இல்ல போலருக்கு, ஏதோ அழுக்கு." நாலு வருடமாக அந்த மாம்பலத்துக்கு நான் பேச்சு வாங்கியிருக்கிறேன்.

பெட்ரோல் முள் அடியில் படுத்திருந்தது. மீட்டரில் 96 கிலோமீட்டர் கூடியிருந்தது. டிரைவரிடம் கேட்டதற்கு, யார்டில் நடந்ததெல்லாம் தனக்குத் தெரியாது என்று இரண்டு கையையும் விரித்தார். அவர் மேல் தப்பில்லை, பிரியாணி நடந்தது ஸ்ரீபெரும்புதூரில்.

டிக்கியைத் திறந்தேன். ஸ்டெப்னிப் பள்ளத்தில் அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றி, பீங்கான் ஜாடி. நார்த்தங்காய் ஊறுகாய். அதற்குப் பக்கத்தில் ஆட்டுக்கல் குழவி. கல் இல்லை, குழவி மட்டும். ஜாடியின் வாயில் கட்டியிருந்த துணி அவிழ்த்துக் கட்டியது போல இருந்தது. உள்ளே கால்வாசி குறைந்திருந்தது. நான் டிரைவரைப் பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு மனைவியிடம் ஏதோ சொன்னார். ரொட்டிக்கு ரொம்ப நன்றாக இருந்ததாம், எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்கிறாராம். மனைவி ஒரு டப்பா தேடி, இன்னும் கொஞ்சம் போட்டுக் கொடுத்தாள்.

போனில் அம்மாவிடம் சொன்னபோது கோபம் வரும் என்று நினைத்தேன். "பாவம், ரோட்டுல அவனுக்கு என்ன சாப்பாடு கிடைக்கும்" என்றாள். குழவி எதற்கு என்று கேட்டேன். "கல்லு அடுத்த தடவை வரும்" என்றாள்.

அன்றிரவு பதினோரு நாளுக்குப் பிறகு நிம்மதியாகப் படுத்தேன். விடிகாலை 4.50-க்குப் போன் அதிர்ந்தது. கேட் சிவாப்பூர் சுங்கச்சாவடியில் பணம் எடுக்கப்பட்டது. கேட் சிவாப்பூர் புனேவுக்குத் தெற்கே, சதாரா போகிற வழியில். போர்வையை உதறிவிட்டு பால்கனிக்கு ஓடினேன். கீழே, மழையில், வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் கார் அப்படியே நின்றுகொண்டிருந்தது. முந்தின நாள் செய்தி, தாமதமாக வந்திருக்கிறது.

திரும்பி வந்து படுத்தபோது மனைவி கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "இருக்கா?"

"இருக்கு."

"பிரியாணிக்குப் போயிடுச்சோன்னு பாத்தேன்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.