பத்தாம் நாள் இரவு

மார்ச் 4, புதன்

நேற்று அந்த அம்மாவுக்கு மூன்றாவது கீமோ, புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்து. நர்ஸான நான் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் நோயாளி அவர், தனியாக இருக்கிறார். "நல்லா இருக்கேன் சிஸ்டர்" என்றார். எத்தனை தடவை சிறுநீர் போனீர்கள் என்று கேட்டேன். காலையிலிருந்து ஒரே தடவைதானாம், அதுவும் அடர் மஞ்சளாக. வாந்தி வந்துவிடுமோ என்ற பயத்தில் தண்ணீரே குடிக்கவில்லை. வாந்தி மாத்திரை சமையலறை அலமாரியில் இருந்தது. எழுந்து நடந்தாலே தலை சுற்றுகிறவர் அதை எப்படி எடுப்பார்? மாத்திரை, தண்ணீர், போன் மூன்றையும் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

மருந்து ஏறிய 48 மணி நேரம் வரை கழிப்பறையை மூடி போட்டு இரண்டு முறை ஃப்ளஷ் செய்யவும் சொன்னேன். மருந்து உடம்பிலிருந்து வெளியேறும் நேரம் அது.

மார்ச் 7, சனி

மலச்சிக்கல். வாந்தி மாத்திரையால் வருவதுதான். டாக்டரிடம் கேட்டு மருந்து மாற்றினோம். வாயில் புண் இல்லை.

மார்ச் 10, செவ்வாய்

இன்றிலிருந்து ஒரு வாரம்தான் எனக்குக் கவலை. கீமோவுக்குப் பிறகு 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் ரொம்பவும் குறையும். அந்த நேரத்தில் கிருமியோடு போராட உடம்பில் ஆள் இருக்காது. சில சமயம் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம்.

பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்: 100.4 டிகிரி வந்தால் மருத்துவமனையின் இரவு எண்ணுக்கு உடனே போன். டாக்டர் சொல்லாமல் பாராசிட்டமால் போடக் கூடாது. அது காய்ச்சலை மறைத்துவிடும்.

சாவி விஷயத்தில்தான் முரண்டு பிடித்தார். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒன்று கொடுத்து வைக்கலாம் என்றால், "இத்தனை வருஷம் யார் கையிலும் கொடுத்ததில்லை" என்கிறார். எனக்குப் புரிந்தது. முடி, ருசி, தூக்கம் என்று ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது வாசல் கதவாவது தன் கையில் இருக்கட்டும் என்று நினைக்கிறார். வற்புறுத்தவில்லை. "நீங்கள் எழுந்து வர முடியாத நேரத்தில் யார் திறப்பார்கள்?" என்று மட்டும் கேட்டேன். சாயங்காலம் அவரே கொடுத்துவிட்டாராம்.

மார்ச் 13, வெள்ளி

இரவு இரண்டரைக்கு போன். 101.2. குளிரில் பல் அடிக்கிறது. எப்போதிலிருந்து என்று கேட்டேன். ஒரு மணியிலிருந்தாம். "எல்லாரும் தூங்குவீங்களே, விடியட்டும்னு இருந்தேன்." சுவரில் எழுதி ஒட்டியது கண்ணெதிரே இருந்தும் ஒன்றரை மணி நேரம் தனியாக நடுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார். எண்ணைக் கொடுத்தேனே தவிர, எந்த நேரமானாலும் கூப்பிடலாம் என்பதை அவர் மனதில் பதிய வைக்கவில்லை. அது என் தவறு.

ஆம்புலன்ஸ் வந்தபோது அவரால் எழ முடியவில்லை. அக்காதான் கதவைத் திறந்தார். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற்றினார்கள். கிருமியோடு போராடும் வெள்ளை அணுவான நியூட்ரோஃபில் 500-க்கும் கீழே.

மார்ச் 19, வியாழன்

நேற்று வீடு திரும்பினார். எடை 2 கிலோ குறைந்திருக்கிறது. காலை எட்டுக்கும் இரவு ஒன்பதுக்கும் அக்காவுக்கு அவர் ஒரு மெசேஜ் அனுப்ப வேண்டும், அரை மணி தாண்டினால் அக்கா வந்து பார்ப்பார் என்று மூவரும் பேசி முடிவு செய்தோம். இரவு எண்ணுக்கு என் முன்னாலேயே ஒரு தடவை அவரைப் பேச வைத்தேன். எடுத்த நர்ஸ், "எத்தனை மணியானாலும் கூப்பிடுங்கம்மா, அதுக்குத்தான் உட்கார்ந்திருக்கோம்" என்றார்.

அடுத்த கீமோ 24-ஆம் தேதி. வெள்ளை அணுவைக் கூட்டும் ஊசியும் இந்த முறை உண்டு. 30-ஆம் தேதியிலிருந்து ஒரு வாரம் அக்காவின் மகள் ராத்திரி அங்கேயே படுத்துக்கொள்கிறேன் என்றாள். முன்னறையில் அவளுக்கு இடம் ஒதுக்க, நாற்காலிகளை இன்றே நகர்த்தி வைத்தோம்.