மல்லாரி கேட்டால் சுவாமி புறப்பட்டாயிற்று

கோயில் பக்கத்து வகுப்பறையில் படித்தவர்களுக்கு உற்சவ நாட்களில் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்க வேண்டிய தேவையே இருந்ததில்லை. காதே போதும். தவிலின் முன்வாசிப்பான அலாரிப்பு ஓய்ந்து, கம்பீர நாட்டை ராகத்தில் நாகஸ்வரம் மல்லாரியை எடுத்தால் சுவாமி புறப்பட்டாயிற்று. ராக ஆலாபனை நீண்டால் வீதியில் நிதானமாக வருகிறார். வாத்தியாருக்கும் இது தெரியும். கணக்குப் பாடத்தை அதற்கேற்ப முடித்துக்கொள்வார்.

அந்த மல்லாரி இன்று பரதநாட்டிய மேடையில் முதல் உருப்படி. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கும் கேட்டு வாங்குகிறார்கள். 'கம்பீரமாக ஒன்று வாசியுங்கள்' என்பதற்கு இப்போது அதுதான் பெயர்.

மல்லாரிக்குச் சாகித்யம், அதாவது பாட்டு வரி, கிடையாது; பாடம் 'தத்த' போன்ற வெறும் ஒலிகளான தத்தகாரத்தில். ராகத்தில் ச, க, ம, ப, நி என்று ஐந்தே ஸ்வரம். ஒரே உருவத்தை மூன்று காலத்திலும் வாசித்து, நடை மாற்றி, தவிலுக்கு இடம் விட்டு முடிப்பார்கள். வகைப் பெயர்களில் முன்னால் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். மடைப்பள்ளியிலிருந்து நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி, அபிஷேகத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும்போது தீர்த்த மல்லாரி, தேருக்குத் தேர் மல்லாரி. எல்லாம் வேலையைச் சொல்லி வைத்த பெயர்கள். சந்நிதிக்கும் கோபுர வாசலுக்கும் நடுவே உள்ள தூரத்தை, சுவாமியைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகளின் நடைக்கு ஏற்ப இட்டு நிரப்ப வேண்டிய வாசிப்பு இது. மண்டபத்தில் வாசலுக்கும் மேடைக்கும் முப்பது தப்படி இருக்குமா? மெதுவான விளம்ப காலம் பாதியில் நிற்கும்போதே மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். வித்வான் நேரே வேகமான துரித காலத்துக்குத் தாவி, முடிவுக் கோர்வையாக ஒரு தீர்மானம் வைத்து முடிக்க வேண்டியதுதான். கேட்டவருக்கும் திருப்தி, மல்லாரிதான் இல்லை.

மல்லாரி மட்டுமல்ல, மற்ற இசைச் சொற்களும் இப்படித்தான் இடம் மாறிப் பொருள் மாறுகின்றன. 'சின்ன மேளம்' என்றால் சிறிய தவில் என்று நினைப்பவர்கள் நம்மிலேயே உண்டு. நாகஸ்வரம், தவில், சுருதிக்கு ஊதும் ஒத்து, தாளம் சேர்ந்த குழு பெரிய மேளம். ஆட்டத்தை நடத்தும் நட்டுவனாரும் மத்தளமும் முகவீணை என்ற சிறு குழலும் சேர்ந்து ஆட்டத்துக்கு வாசித்த குழு சின்ன மேளம். அந்தக் குழுவோடு ஆடிய சதிர் நடனத்துக்கு 1930களில் பரதநாட்டியம் என்ற பெயர் வந்ததும் சின்ன மேளம் என்ற சொல்லுக்கு வேலை போயிற்று. மேளத்துக்குப் போகவில்லை. கெட்டிமேளத்திலும் அது உண்டு, தாய் ராகங்களான 72 மேளகர்த்தாவிலும் உண்டு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும்போது நமக்கு உறுத்துவதுமில்லை.

சொல் சிதறியதற்குச் சரியான எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் கீர்த்தனையைத்தான் சொல்வேன். தஞ்சாவூர்ச் சுற்று வட்டாரத்திலேயே அதற்கு நான்கு பொருள். மராத்தியர்களுக்குக் கீர்த்தன் என்பது ஒரு பாட்டல்ல. பாட்டும் பேச்சுமாகக் கதை சொல்லும் நிகழ்ச்சி முழுவதும். அதை அடியொற்றித்தான் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் கதாகாலட்சேபத்தை வளர்த்தார். சாகி, திண்டி, ஓவி, அபங்க் என்ற மராத்திப் பாட்டு வகைகள் எல்லாம் அப்படி வந்து தங்கியவை. (காலட்சேபம் என்றாலே பொழுதைக் கழிப்பது. 'ஏதோ காலட்சேபம் நடக்கிறது' என்று பெரியவர்கள் சொன்னால் அதில் கதையும் இல்லை, ஜால்ராவும் இல்லை.) திருவையாற்றுக்கு வந்தால் பல்லவி, அனுபல்லவி, சரணம் கொண்ட ஒற்றைப் பாட்டு கீர்த்தனை. அதிலும் சங்கீதக்காரர்கள் பிரித்துச் சொல்வார்கள்: இசை விரிவுக்கு இடம் கொடுப்பது கிருதி, தியாகராஜரின் உற்சவ சம்பிரதாயம், திவ்யநாமம் போல, சொல் முன்னால் நின்று பலரும் சேர்ந்து பாடுவது கீர்த்தனை. அழைப்பிதழ் அச்சிடும் நாம் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம். மூன்றாவது, தேவாலயத்தில். தஞ்சை மன்னர் சரபோஜி காலத்து வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வழி வந்த கிறிஸ்தவ கீர்த்தனைகளைச் சபையே எழுந்து நின்று பாடும். பல்லவி, சரணக் கட்டு அங்கே இன்றும் கலையவில்லை. நான்காவது, கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை: அங்கே மொத்த நூலுக்கே அதுதான் பெயர்.

ஆகவே விழாவில் 'கீர்த்தனை' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், மேடை ஏற்பாட்டைப் பார்ப்பவருக்கு ஐந்து நிமிடப் பாட்டா இரண்டு மணி நேரக் கதையா என்றே தெரியாது.

வர்ணத்தில் இந்தக் குழப்பம் காசுக்கே வேட்டு வைக்கும். கச்சேரியின் தொடக்கத்தில் பாடுவது தான வர்ணம். பாடகர் குரலையும் விரலையும் இரண்டு காலத்தில் பதப்படுத்திக்கொள்ளும் உருப்படி. பச்சிமிரியம் ஆதியப்பய்யாவின் பைரவி அட தாள வர்ணம்போல் பெரியதாக இருந்தாலும் கால் மணிக்குள் அடங்கும். நாட்டியத்தில் ஆடுவது பத வர்ணம். ஸ்வரங்களுக்கும் சாகித்யம் உண்டு, வரிக்கு வரி அபிநயம், நடுநடுவே தாளச் சொற்கட்டான ஜதிக்கோர்வை. அரை மணிக்குக் குறையாது, முக்கால் மணியும் ஆகும். நிகழ்ச்சி நிரலில் 'வர்ணம் – 10 நிமிடம்' என்று போட்டுவிட்டு, வாடகை அரங்கில் விளக்கணைக்கும் நேரத்தில் கடைசி உருப்படியான தில்லானா பாக்கி நிற்கிறதே என்று கை பிசைவதில் பயனில்லை. தான வர்ணமா பத வர்ணமா என்று முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கச்சேரியின் கடைசியில் பாடும் துக்கடா, துண்டு என்ற பொருளில் வந்த சொல். உருப்படி, சலவைக் கணக்கிலும் இருப்பது. கச்சேரி என்றால் முன்பு தாலுகா ஆபீஸ். 'கச்சேரிக்குப் போயிருக்கிறார்' என்றால் பட்டா விஷயம் என்று புரிந்துகொண்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. திருவாரூர் முத்துஸ்வாமி தீட்சிதர் பேண்டு வாத்திய மெட்டுகளுக்குச் சாகித்யம் எழுதியதில் பிறந்தது நோட்டு ஸ்வரம். 'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்து ராஜ வாழ்த்தின் மெட்டு. இப்போது அது குழந்தைகளுக்கான ஆரம்பப் பாடம், அவ்வளவே. கிராமத் திருவிழாவில் எட்டு ஒலிபெருக்கிப் பெட்டி கட்டி 'மெல்லிசை' நடக்கிறது. அதைப் பற்றி மேலே பேசினால் யாருக்கும் காது கேட்காது.

தேவாரப் பதிப்பைத் திறந்தால் பதிகத்தின் தலையில் பண், அதாவது பழந்தமிழ் ராகத்தின் பெயர் அச்சாகியிருக்கும். தக்கேசி என்று போட்டிருப்பதை ஓதுவார் காம்போதியில் பாடுவார், கௌசிகம் பைரவியாக வரும், மேகராகக்குறிஞ்சி நீலாம்பரி. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட ராஜராஜன் 48 பேரை அமர்த்தியதாகக் கல்வெட்டு சொல்கிறது. அவர்களைப் பிடாரர் என்று குறிக்கும் அந்தச் சொல்லே இன்று ஊரில் புழக்கத்தில் இல்லை. சீர்காழியில் சம்பந்தர் பாடிய முதல் பதிகத்துக்கு மேலே 'நட்டபாடை' என்று இருக்கும். ஓதுவார் அதைக் கம்பீர நாட்டையில் எடுப்பார். புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டால், வகுப்பறை ஜன்னலில் வந்த அதே ஐந்து ஸ்வரம்.